லாரி வேலை: கையில் எவ்வளவு நிற்கும்?

கனரக வாகன உரிமம் கைக்கு வந்ததும் நாமக்கல், சங்ககிரி பக்கம் வேலை கேட்டுப் போகிற இளைஞருக்கு இரண்டு மூன்று இடங்களிலிருந்து அழைப்பு வந்துவிடுகிறது. வட இந்திய லைனுக்கு டிரைவர் கிடைக்கவில்லை என்று லாரி உரிமையாளர்களே வெளிப்படையாகப் புலம்புகிற காலம் இது. ஆனால் எந்த வேலையை எடுப்பது என்று தீர்மானிக்கும்போது பெரும்பாலோர் ஒரே ஒரு தொகையைத்தான் ஒப்பிடுகிறார்கள்: ஒருவர் நடைக்கு இவ்வளவு என்கிறார், இன்னொருவர் மாதம் இவ்வளவு என்கிறார், எது பெரிதோ அங்கே போய் ஏறிவிடுகிறார்கள். முதலாளி சொல்லும் தொகை பாதிக் கணக்குதான் என்பது என் வாதம். அந்தத் தொகையிலிருந்து என்னென்ன போகும், எத்தனை நாளுக்கு அது பங்காகும் என்பது மீதிப் பாதி. கேபினுக்குள் வாங்கிப் போடுகிற மின்விசிறியும் மெத்தையும் இன்வெர்ட்டரும்கூட அந்த மீதிப் பாதியில்தான் வரும். அவற்றைச் சொந்த வசதி என்று தனியாக ஒதுக்கிவிட்டால் கணக்கு தப்பிவிடும்.

கணக்குக்காக இரண்டு வேலைகளை வைத்துக்கொள்வோம். முதலாவதில், நாமக்கல்லிலிருந்து டெல்லி போய்வர எல்லாம் சேர்த்து 20,000 ரூபாய். சாப்பாடு டிரைவர் பொறுப்பு. இரண்டாவதில் மாதம் 18,000 ரூபாய் சம்பளம், சாப்பாட்டுக்கு நாளொன்றுக்கு 400 ரூபாய் படி. பார்த்தவுடன் முதலாவதே மேல் என்று தோன்றும். போகவர 14 நாளில் முடிந்தால் அது உண்மையும்கூட. சாப்பாட்டுக்கு 5,600 ரூபாய் போக 14,400 மிஞ்சும். ஒரு நாளைக்கு 1,000 ரூபாய்க்குச் சற்று மேல். ஆனால் டெல்லியில் இறக்கிவிட்டு ரிட்டன் லோடுக்கு ஆறு நாள் காத்திருந்தால் நடை 20 நாளாகிறது. சாப்பாட்டுச் செலவு 8,000 ஆகி, மிஞ்சுவது 12,000. ஒரு நாளைக்கு 600 ரூபாய்தான். இரண்டாவது வேலையிலும் அதே 600 ரூபாய்தான், ஆனால் அங்கே லாரி ஓடினாலும் நின்றாலும் அது குறைவதில்லை. முதல் வேலையில் வழிச்செலவாக இன்னும் 2,000 ரூபாய் டிரைவர் தலையில் விழுந்தால் நாள் வரும்படி 500 ஆகிவிடும். ஆக, இந்த இரண்டு வேலைகளுக்கும் உள்ள உண்மையான வித்தியாசம், காத்திருக்கும் நாட்களின் நஷ்டம் யாருக்கு என்பதே.

இந்தக் காத்திருப்புக்குப் பணத்தைத் தாண்டிய விளைவும் உண்டு. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு எட்டு மணி நேர வேலை, நெடுந்தொலைவுத் தடங்களில் பத்து மணி நேரம் வரை, ஐந்து மணி நேரத்துக்குப் பிறகு அரை மணி ஓய்வு என்று வரையறுத்தது. அந்தச் சட்டத்தை 2020ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்பு தன்னுள் எடுத்துக்கொண்டது. ஆனால் மொத்தத் தொகைக்கு ஓட்டுகிறவர் யார் கணக்கெடுத்தாலும் எடுக்காவிட்டாலும் மணி நேரம் பார்க்க மாட்டார். புக்கிங் ஆபீஸ் வாசலில் போன நாட்களை ராத்திரித் தூக்கத்தில் பிடிக்கப் பார்ப்பார். அதனால் வேலை கேட்கும்போதே சில கேள்விகளைக் கேட்டுவிட வேண்டும். லோடுக்குக் காத்திருக்கும் நாளுக்குப் படி உண்டா? ஃபாஸ்டேக்கில் பணம் தீர்ந்தால் யார் போடுவது? எடைமேடைக் கட்டணம், ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, பஞ்சர், கிழிந்த தார்ப்பாய், சரக்கில் குறைவு ஆகியவை யார் கணக்கில்? அதிக பாரத்துக்கு 2019 திருத்தத்தின்படி 20,000 ரூபாயும், மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். பாரத்தை ஏற்றச் சொல்பவர் ஒருவர், சாலையில் பிடிபடுபவர் இன்னொருவர் என்பதால் இதையும் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது.

இனி கேபினுக்கு வருவோம். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரகச் சரக்கு வாகனங்களில் டிரைவர் கேபினுக்கு ஏசி கட்டாயம். நல்ல விதிதான், ஆனால் புதியவர் கையில் முதலில் கொடுக்கப்படுவது பெரும்பாலும் பழைய லாரி. அதில் ஏசி இருக்காது. புது வண்டியே கிடைத்தாலும் அதோடு மைலேஜ் நிபந்தனை வருகிறதா என்று பார்க்க வேண்டும். லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் கொடுத்தாக வேண்டும், குறைந்தால் டீசல் காசு பிடித்தம் என்று பேசியிருந்தால், வண்டியில் ஏசி இருந்தும் இல்லாததுபோலத்தான். நாக்பூர் வெயிலில் வண்டியை நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டுத் தூங்கினால் மணிக்கு ஒரு லிட்டருக்குக் குறையாமல் டீசல் போகும். லிட்டர் 90 ரூபாய்க்கு மேல் விற்கும்போது அந்தப் பிடித்தத்துக்குப் பயந்து டிரைவரே அணைத்துவிடுவார். சட்டம் கொடுத்ததைச் சம்பளப் பேச்சு பறித்துக்கொள்கிறது. ஆகவே ஏசி இருக்கிறதா என்று கேட்பதோடு நிறுத்தாமல், ஏசி போட்டு ஓட்டினால் மைலேஜ் எவ்வளவு எதிர்பார்ப்பீர்கள் என்றும் கேட்க வேண்டும்.

சொந்தக் காசில் வாங்குவதற்கு என் விதி எளிது. வண்டியோடு பொருத்துவது முதலாளி செலவு. பையில் எடுத்துக்கொண்டு இறங்கக்கூடியது டிரைவர் செலவு. கொசுவலை, சுருட்டி வைக்கும் மெத்தை, டார்ச், கையுறை, தண்ணீர் கேன், ஃபோன் சார்ஜர், ரீசார்ஜ் செய்யும் சின்ன மின்விசிறி எல்லாம் அடுத்த வண்டிக்கும் கூடவே வரும். வயர் இழுத்துப் பொருத்தும் இன்வெர்ட்டர், கேமரா, ஸ்பீக்கர் எல்லாம் வேலையை விடும் நாளில் வண்டியோடு நின்றுவிடும். கழற்றினாலும் சண்டைதான் மிஞ்சும். இதில் தொழில்நுட்பக் காரணமும் உண்டு. நம் கனரக லாரிகளில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட் எடுக்கிறார்கள். 12 வோல்ட் பொருளுக்காக ஒரு பேட்டரியில் மட்டும் வயர் கொடுத்தால் அது மட்டும் சீக்கிரம் இறங்கும், இரண்டும் சமநிலை இழந்து கெடும். விடிகாலையில் ஸ்டார்ட் ஆகாத வண்டிக்கும் புது பேட்டரிக்கும் பழி டிரைவர்மேல் வரும். காஸ் அடுப்பும் எல்லா வேலைக்கும் பொருந்தாது. எரிவாயு டேங்கரில் தீயே ஆகாது என்பதால் மூன்று வேளையும் ஓட்டல் சாப்பாடுதான். டேங்கர் வேலைக்குச் சொல்லும் படியைத் திறந்த லாரிப் படியோடு ஒப்பிடும்போது இதைக் கழித்துப் பார்க்க வேண்டும். அபாயகரமான சரக்குக்கு உரிமத்தில் தனி மேற்குறிப்பு வேண்டும், அதற்கு மூன்று நாள் பயிற்சியும் உண்டு. அந்தக் கட்டணம் யாருடையது என்பதும் பேச்சில் சேர வேண்டியதே.

புதிதாக வருபவன் இத்தனை நிபந்தனை பேசினால் யார் வேலை கொடுப்பார்கள் என்று கேட்கலாம். கூடுதல் சம்பளம் கேட்டால்தான் அது பேரம். செலவு யாருடையது என்று கேட்பதில் நல்ல முதலாளிக்கு ஒரு பைசா நஷ்டமில்லை. பேசியதை வாட்ஸ்அப்பில் இரண்டு வரியாக அனுப்பி 'சரி' என்று பதில் வாங்கிவிட்டால் பின்னால் தகராறு குறையும். அதற்கே முகம் சுளிக்கிறவர் கணக்கு முடிக்கும்போது எப்படி நடந்துகொள்வார் என்பதை ஊகிக்கலாம். முதல் வருடம் சம்பளத்தைப் பார்க்காதே, தொழிலைக் கற்றுக்கொள் என்று பெரியவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நல்ல பிரேக், நல்ல டயர், கூடவே ஒரு மூத்த டிரைவர் இருக்கும் வேலைக்காகச் சம்பளத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம். சம்பளம் குறைவதை ஏற்பது வேறு, கணக்கு தெளிவில்லாமல் இருப்பதை ஏற்பது வேறு. நன்றாகத் தூங்கினால்தானே உயிர் பிழைக்கலாம், அதற்குச் செலவு பார்க்கலாமா என்பதும் சரியான கேள்வி. பார்க்கக் கூடாதுதான். அதற்காகத்தான் மெத்தையையும் கொசுவலையையும் முதல் நாளே வாங்கச் சொல்கிறேன். மற்றவற்றை அந்த வண்டியிலேயே சில மாதம் நிலைப்போம் என்று தெரிந்த பிறகு யோசிக்கலாம். அதற்கென்று முதலாளியிடம் முன்பணம் வாங்குவதைத் தவிர்க்க வேண்டும். கடன் தீரும்வரை வேறு வேலைக்கு நகர முடியாது.

கடைசியாக இரண்டு காகிதங்கள். வண்டியின் இன்ஷூரன்ஸ் நடப்பில் இருக்கிறதா, சம்பள டிரைவருக்கான பொறுப்பு அதில் அடங்கியிருக்கிறதா என்று பாலிசியை வாங்கிப் பாருங்கள். விபத்தில் குடும்பத்துக்கு நஷ்டஈடு கிடைப்பது அதைப் பொறுத்தது. அசல் உரிமத்தை யாரிடமும் அடகுபோல் ஒப்படைக்காதீர்கள். தமிழ்நாட்டில் அமைப்புசாரா ஓட்டுநர்களுக்கென்றே நல வாரியம் இருக்கிறது, வேலைக்குப் போகும் முன்பே அதில் பதிந்துகொள்ளுங்கள். பிறகு ஒரு தாளில் இரண்டு வேலைகளையும் பக்கம் பக்கமாக எழுதி, வரவில் செலவைக் கழித்து, காத்திருக்கும் நாளையும் சேர்த்து வகுத்துப் பாருங்கள். நாளுக்கு எவ்வளவு கையில் நிற்கிறதோ அதுதான் உங்கள் சம்பளம்.