கிரெடிட் என்னும் கல்விக் கணக்கு



கிரெடிட் என்றால் கடைக்காரராகிய நமக்குக் கடன் புத்தகந்தான் நினைவுக்கு வரும். பிள்ளைகளின் படிப்பிலோ அச்சொல்லுக்கு வேறு இரண்டு பொருள்கள் உண்டு. மதரஸாவையும் ஆரம்பப் பள்ளியையும் தாண்டாத நாம் இவற்றைப் பிறரிடம் கேட்டுத்தான் அறிந்தோம்.

முதற்பொருள்: எஸ்.பி.எம். பரீட்சையில் ஒரு பாடத்தில் சி அல்லது அதற்கு மேல் வாங்கினால் அது கிரெடிட். டிப்ளோமா படிப்பில் சேரப் பொதுவாக மூன்று பாடங்களிலாவது கிரெடிட் வேண்டும்.

இரண்டாம் பொருள்: அரிசியைக் கிலோவில் நிறுப்பது போல், கல்லூரிப் படிப்பையும் கிரெடிட் கணக்கில் அளக்கிறார்கள். இந்நாட்டில் ஒரு கிரெடிட் என்பது 40 மணி நேரப் படிப்புக்கு ஈடு. டிப்ளோமாவுக்குக் குறைந்தது 90 கிரெடிட், பட்டத்துக்குக் குறைந்தது 120.

அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களே கல்லூரிப் பாடம் படித்துக் கிரெடிட் சேர்க்கிறார்கள். மின்னசோட்டா மாநிலம் 1985-ல் இதற்குச் சட்டம் செய்து, செலவையும் தானே ஏற்றது. அங்கும் நான்கு வருஷப் பட்டத்துக்கு ஏறக்குறைய 120 கிரெடிட். பள்ளியிலேயே 30 சேர்த்துவிட்டால், ஒரு வருஷப் படிப்பும் செலவும் மிச்சம். ஆனால் மாணவன் பின்னர் சேரும் கல்லூரி அந்தக் கிரெடிட்டை ஏற்க வேண்டும். ஏற்காவிட்டால் அது செல்லாக் காசுதான்.

அரசாங்கம் செலவை ஏற்காத இடங்களில் பெற்றோர் கட்டணம் கட்ட வேண்டும். இயலாத பிள்ளைகளுக்குச் சில பள்ளிகளின் பழைய மாணவர்கள் கூடிக் கட்டுவதுண்டு. நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது இதுவே. படித்து முடித்தவனுக்கு மாலை போடுவதோடு நில்லாமல், படிக்கும்போதே கை கொடுக்கிறார்கள்.

நாம் என்ன செய்தோம்? சில வருஷங்களுக்கு முன் எஸ்.பி.எம். தேறிய ஒரு தோட்டத்துப் பையனுக்கு நாம் சிலர் சேர்ந்து கோப்பை கொடுத்தோம். டிப்ளோமாவில் சேர அவனுக்கு இடமும் கிடைத்திருந்தது. பதிவுப் பணமும் முதல் மாத விடுதிச் செலவும் இல்லாமல் அவன் தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்டான் என்று பிறகுதான் தெரிந்தது. கோப்பைக்குச் செலவிட்டோமே, அவன் கையில் பணம் உண்டா என்று ஒருவராவது கேட்டோமா? இன்றும் நம் கடைக்குச் சாமான் வாங்க வருகிறான். அவன் முகத்தைப் பார்க்க நமக்குக் கூச்சமாக இருக்கிறது.

நம் கெர்லிங்குக்கு வடக்கே தஞ்சோங் மாலிமில், 1922-ல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கிய சுல்தான் இட்ரிஸ் நிலையம் 1997-ல் பல்கலைக்கழகமாயிற்று. பல்கலைக்கழகம் இவ்வளவு அருகில் இருந்தும், பணமில்லாத பிள்ளைக்கு அது எட்டாத் தூரமே.

கல்விக்குக் கொடுப்பது நம்மவருக்குப் புதிதன்று. சிங்கப்பூரில் கடையநல்லூர் முஸ்லிம் லீகினர் 1946-ல் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கினார்கள். பின்னர் அது உயர்நிலைப் பள்ளியாகி, 1982 வரை நடந்தது. திருச்சியில் 1951-ல் தோன்றிய ஜமால் முஹம்மது கல்லூரியை நிறுவிய ஜமால் முஹம்மது சாகிபும் காஜாமியான் ராவுத்தரும் வியாபாரிகளே. அவர்கள் கல்லூரியே கட்டினார்கள். நம்மால் ஒரு பிள்ளையைக் கல்லூரி வாசல் வரை கொண்டு சேர்க்க முடியாதா?

செய்ய வேண்டியவை மூன்று:

1. கெர்லிங், களும்பாங் வட்டாரப் பள்ளிகளில் படித்து இன்று தொழில் செய்வோர் மாதம் பத்து வெள்ளி ஒதுக்குவோம். முப்பது பேர் சேர்ந்தால் வருஷத்தில் 3,600 வெள்ளி.

2. நான்காம் படிவத்திலேயே பிள்ளைகளைக் கண்டறிந்து, கிரெடிட் தவறக்கூடிய பாடத்துக்கு டியூஷன் கட்டணம் கட்டுவோம். இடம் கிடைத்ததும் பதிவுப் பணத்தை உடனே கொடுப்போம். டிப்ளோமா கிரெடிட்டில் ஒரு பகுதியை எந்தப் பல்கலைக்கழகம் பட்டப் படிப்பில் கழித்துக்கொள்ளும் என்பதையும் முன்கூட்டியே விசாரித்துச் சொல்வோம்.

3. வரவு செலவை மாதந்தோறும் எழுதி வைப்போம். உதவி பெறும் பிள்ளையின் பெயரை வெளியிட வேண்டாம்.

கடனுக்குச் சாமான் கொடுத்தால் மாதக் கடைசியில் வசூலிக்கிறோம். இந்தக் கிரெடிட்டை நாம் வசூலிக்க வேண்டியதில்லை. தலையெடுத்த பிள்ளை அடுத்த பிள்ளைக்குக் கொடுத்தால் நம் கணக்கு நேராகிவிடும்.