கலங்கிய கடலுக்குள் எட்டிப் பார்ப்பது எப்படி?

சுங்கை பினாங் ஆற்றின் முகத்துவாரத்துக்கும் பினாங்குப் பாலத்துக்கும் இடையே, கடலுக்கடியில் ஒரு புல்வெளி உள்ளது. 'மிடில் பேங்க்' என்பது அதன் பெயர். நீர் நன்றாக வற்றும் நாள்களில் அதன் ஒரு பகுதி வெளியே தெரியும். கடற்புல் பாசி அல்ல. வேர், இலை, பூ எல்லாம் கொண்ட தாவரம். கடற்குதிரை, கடல் வெள்ளரி, நண்டு, மீன்குஞ்சு எனப் பல உயிர்களுக்கு அதுவே வீடு.

படகிலிருந்து ஏன் தெரிவதில்லை?

நீர்ப்பரப்பில் வானம் பிரதிபலித்துக் கண்ணைக் கூசச் செய்கிறது. சிற்றலைகளோ உள்ளிருந்து வரும் ஒளியைக் கணத்துக்கொரு திசையில் வளைக்கின்றன. இதற்கு எளிய கருவி ஒன்று உண்டு. ஒரு வாளியின் அடிப்பகுதியை வெட்டி, தெளிவான அக்ரிலிக் தகட்டை நீர் புகாதபடி ஒட்டுங்கள். அதன் அடியை நீரில் சற்று அமிழ்த்திப் பார்த்தால் அலையும் இல்லை, கூசலும் இல்லை. ஆனால் ஒளிவிலகலால் பொருள்கள் இருப்பதைவிட அருகில் தெரியும். நேர் மேலிருந்து பார்க்கும்போது 1 மீட்டர் ஆழம் சுமார் 75 சென்டிமீட்டராகத் தோன்றும்.

வாளியால் சேற்றை விலக்க முடியாது. அதற்கு நாள் பார்க்க வேண்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீரோட்டம் வேகமாகி வண்டலைக் கிளப்பும். அஷ்டமியை ஒட்டிய நாள்களில் வேகம் குறைவதால் நீர் சற்றுத் தெளியும்.

பாதுகாப்பு

• நீர் ஏறத் தொடங்கும்போது செல்லுங்கள். அப்போது படகு தரைதட்டினாலும், ஏறும் நீர் அதைத் தூக்கிவிடும். நீர் இறங்கும்போது தட்டினால் பல மணி நேரம் காத்திருக்க வேண்டும். இறங்கி நடக்காதீர்கள், சேறு காலைப் பிடித்துக்கொள்ளும்.

• எல்லாரும் ஒரே பக்கம் சாய்ந்தால் படகு கவிழும். ஒருவர் பார்க்க, மற்றவர் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருக்க வேண்டும். எழுந்து நின்றால் ஈர்ப்பு மையம் உயர்ந்து படகு தள்ளாடும்.

• மிதவை அங்கியைக் கரையிலேயே அணியுங்கள். வெறுங்கையை நீரில் விடாதீர்கள். பினாங்குக் கடலில் கொட்டும் சொறிமீன்கள் உண்டு.

• வானம் கறுத்தால் உடனே திரும்புங்கள். இடி கேட்கும் தூரத்தில் இருந்தால் மின்னலும் எட்டும்.

• ஆழம் குறைந்த இடத்தில் இயந்திரத்தை நிறுத்தித் துடுப்புப் போடுங்கள். சுழலி புல்லை வேரோடு அறுத்துவிடும். நங்கூரத்தையும் புல் மீது போடாதீர்கள்.

வேர் அறுந்த இடத்தில் வண்டல் பிடிமானம் இழந்து எளிதில் கிளம்பும். நீர் மேலும் கலங்கும். ஒளி குறைந்து, எஞ்சிய புல்லும் வாடும். பிறகு எந்த வாளியால் பார்த்தாலும் சேறுதான் தெரியும்.