‘போர்ட் போய்விட்டது’ என்று சொல்வதற்கு முன்...



வீட்டுப் பாவனை மின்சாதனங்களை விற்கும், திருத்தும் கடைகளில் அடிக்கடி கேட்கும் வசனம் ‘போர்ட் போய்விட்டது’ என்பதாகும். அந்த ஒரு வசனத்தில் வாடிக்கையாளரின் பல ஆயிரம் ரூபா தங்கியிருக்கிறது. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியபோது புதிய போர்ட் வாங்குவது பலருக்குக் கட்டுப்படியாகவில்லை. அதே வருடம் மின்வெட்டு முடிந்து கரண்ட் திரும்பும்போது அடிபட்ட போர்ட்களும் நமது மேசைக்கு வந்தன. முழுப் போர்ட்டும் பழுதாவது குறைவு, பெரும்பாலும் ஒன்றிரண்டு உறுப்புகளே பழுதாகின்றன என்பதே நான் கண்டது.

ஓர் உதாரணம். பத்து வருடத்துக்கு மேல் பாவித்த சலவை இயந்திரம் ஒன்று என்னிடம் வந்தது. போர்ட்டை மாற்ற வேண்டும் என்று வேறோர் இடத்தில் சொல்லியிருந்தார்கள். சுவிட்சைப் போட்டால் விளக்குகள் எரியும். ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினால் ‘டக்’ என்ற சத்தத்துடன் எல்லாம் அணைந்து மீண்டும் எரியும். நான் பார்த்த ஒழுங்கு இதுதான்.

1. முதலில் உயிர்ப் பாதுகாப்பு: பிளக்கைக் கழற்றிய பின்பும் பிரதான கெபாசிட்டரில் ஏறத்தாழ 325 வோல்ட்டு தேங்கி நிற்கலாம். 10 கிலோஓம், 5 வாற்று ரெசிஸ்டர் ஒன்றைச் சில விநாடிகள் பிடித்து அதை இறக்கி, மீட்டரால் உறுதிசெய்யுங்கள். பல போர்ட்களில் 12 வோல்ட்டு, 5 வோல்ட்டு பகுதிகளும் வீட்டு மின்சாரத்துடன் நேரடியாகத் தொடுத்தே இருக்கும். சிறிய வோல்ட்டுதானே என்று கைவைக்காதீர்கள். மைக்ரோவேவ் அடுப்பில் தேங்குவது ஆயிரக்கணக்கான வோல்ட்டு. அனுபவமில்லாதவர் அதைத் திறக்கவே கூடாது.

2. கண்ணால் பார்த்தல்: தலை வீங்கிய கெபாசிட்டர், கருகிய வெரிஸ்டர், ரிலேயின் கால்களைச் சுற்றி மோதிரம்போல் வெடித்த ஈயம், எறும்பு, பல்லி, கரையோர வீடுகளில் உப்புக் காற்றால் வரும் பச்சைத் துரு. பாதிப் பழுதுகள் இங்கேயே தெரிந்துவிடும்.

3. பியூஸ்: கண்ணாடி உட்புறம் கறுத்திருந்தால் உள்ளே எங்கோ ஷோட் உண்டு. புதிய பியூஸைப் போட்டு அதையும் எரிக்காமல், 60 வாற்று இழை பல்ப் ஒன்றைத் தொடராக இணைத்துக் கரண்ட் கொடுங்கள். பல்ப் ஒருமுறை மின்னி மங்கினால் நல்லது. பிரகாசமாகவே எரிந்தால் ஷோட் இன்னும் இருக்கிறது. பியூஸுக்குப் பதிலாகக் கம்பி சுற்றுவது வீட்டுக்கு நெருப்பு வைப்பதற்குச் சமம்.

4. வோல்ட்டு அளத்தல்: கரண்ட் கொடுக்குமுன்பே மீட்டரின் கறுப்பு வயரைக் கிளிப்பால் பொருத்திவிட்டு, ஒரு கையால் மட்டும் அளக்க வேண்டும். ரிலேக்களுக்கு 12, மூளையான ஐ.சி.க்கு 5 வோல்ட்டு கிடைக்க வேண்டும். இந்த இயந்திரத்தில் சும்மா இருக்கும்போது 12 சரியாகவே இருந்தது. ரிலே இழுத்தவுடன் அது 6க்கு விழுந்தது, கூடவே 5 வோல்ட்டும் சரிந்தது. வெளியில் வீக்கமே இல்லாத 470 மைக்ரோபரட் கெபாசிட்டர் ஒன்று உள்ளே காய்ந்து போயிருந்தது.

5. மாற்றும் பொருள்: மைக்ரோபரட் அதே அளவாகவும், வோல்ட்டு அதே அளவாக அல்லது சற்றுக் கூடுதலாகவும் இருக்கட்டும். 105 பாகை வகையையே வாங்குங்கள். வெப்பம் 10 பாகை கூடினால் கெபாசிட்டரின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் இதன் விலை ஒரு தேநீரின் விலைக்குள்தான்.

இயந்திரம் வேலை செய்தது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் எல்லாப் போர்ட்டும் இப்படி அமையாது. பிசின் ஊற்றி மூடியவற்றையும், ஐ.சி. எரிந்தவற்றையும் திருத்துவது பெரும்பாலும் வீண் செலவு. அதையும் உள்ளபடியே சொல்லிவிட வேண்டும்.

கூலியை உழைப்புக்கும் அறிவுக்குமாக வாங்குங்கள், அது ஹலாலான உரிமை. போடாத போர்ட்டுக்கு விலை வாங்குவதுதான் மோசடி. கழற்றிய பழைய உறுப்பை வாடிக்கையாளர் கையில் கொடுங்கள். திருத்திய இயந்திரத்தை விற்பதானால் எதைத் திருத்தினீர்கள் என்று பில்லில் எழுதுங்கள். தானியக் குவியலின் அடியில் ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று அந்த வியாபாரியிடம் கேட்டார்கள். மூடிக்குள் இருக்கும் போர்ட்டுக்கும் அதே சட்டம்தான்.

அல்லாஹ் நம் அனைவரது வியாபாரத்திலும் பரக்கத் செய்வானாக.