திறப்பு யாரிடம்?

அன்புள்ள தம்பிக்கு,

ஸ்மார்ட் வீடுகளின் ஆபத்துகளைப் பற்றி நீர் எழுதிய கட்டுரை கிடைத்தது. இரண்டு தரம் வாசித்தாயிற்று. கமரா, மின்குமிழ், கதவுப் பூட்டு, ரீவிப் பெட்டி எல்லாம் இணையத்தோடு சேர்ந்து எங்கள் வீடுகளுக்குள் வந்துவிட்ட கதையை உமக்குச் சொல்லத் தேவையில்லை. நேரே குறைக்கு வரலாம்.

உமது கட்டுரை இருட்டறையில் முகத்தை மூடிக்கொண்டு கணினிக்கு முன்னால் இருக்கும் ஒரு மேதையோடு தொடங்குகிறது. அவன் நினைத்தால் எந்த வீட்டுக்குள்ளும் நுழைந்துவிடுவானாம். இதை எழுதுபவருக்கு இந்தப் படத்தைக் கண்டாலே எரிச்சல் வரும். அது வாசகரைப் பயப்படுத்துகிறது. பயந்தவருக்குச் செய்ய ஒன்றும் மிச்சம் வைக்காமல் விட்டுவிடுகிறது. அதைவிட, அது உண்மையே அல்ல.

2016 ஒக்ரோபர் 21ஆம் திகதி நடந்ததை எடுத்துக்கொள்ளும். அன்று, பல தளங்களுக்கு இணைய முகவரிச் சேவை வழங்கிய டைன் என்ற அமெரிக்க நிறுவனத்தின் மீது நடந்த தாக்குதலால் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ், ஸ்பொட்டிஃபை முதலான தளங்கள் மணிக்கணக்கில் முடங்கின. தாக்கியவை வீடுகளிலும் கடைகளிலும் கிடந்த கமராக்களும், அவற்றின் பதிவுப் பெட்டிகளும், ரௌட்டர்களும். அவற்றைப் பிடித்து ஏவிய மிராய் என்ற நிரலிடம் எந்த மந்திரமும் இருக்கவில்லை. தொழிற்சாலையிலேயே வைத்து அனுப்பப்படும் பெயர்–கடவுச்சொல் சோடிகள் அறுபதுக்குச் சற்று அதிகமாக அதன் பட்டியலில் இருந்தன. ‘அட்மின்–அட்மின்’ போன்றவை. இணையத்தில் கண்ட ஒவ்வொரு கருவியிலும் அந்தப் பட்டியலைப் போட்டுப் பார்த்தது, திறந்தவற்றை எடுத்துக்கொண்டது. அதை எழுதியவர்கள் மூன்று அமெரிக்க இளைஞர்கள். மைன்கிராஃப்ட் விளையாட்டுச் சேவையகங்களை வைத்து நடந்த வியாபாரப் போட்டியில் தொடங்கிய வேலை அது. 2017 டிசம்பரில் அவர்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டது வெளியே வந்தது.

பெயர் கெட்ட கமராக்களில் பல, சீனாவின் ஷியோங்மாய் நிறுவனத்தின் பாகங்களைக் கொண்டவை. அவற்றில் சிலவற்றின் உள் கடவுச்சொல், கருவிக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தது. வீட்டுக்காரர் கமராவின் அமைப்புப் பக்கத்துக்குப் போய்ப் புதுக் கடவுச்சொல் போட்டாலும் உள்ளே இருந்தது அப்படியே இருந்தது. ஒரு ஒழுங்கையிலுள்ள எல்லா வீட்டுப் படலைக்கும் ஒரே திறப்பைச் செய்து விற்பதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை. திறப்பைச் செய்தவனை விட்டுவிட்டு, இருட்டில் வந்தவனின் திறமையை நீர் பாடியிருக்கிறீர்.

சில வேளை வெளியாள் வரவே தேவையில்லை. பின்னர் அமேசான் வாங்கிய ரிங் என்ற கமரா நிறுவனத்தில், 2017இல் ஊழியர் ஒருவர் பெண் வாடிக்கையாளர்களின் ஆயிரக்கணக்கான பதிவுகளை மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தார். படுக்கையறை, குளியலறை என்று பெயரிடப்பட்ட கமராக்களைத்தான் அவர் தேடினார் என்று அமெரிக்க வணிக ஆணையம் குற்றஞ்சாட்டியது. 2023இல் நிறுவனம் 58 இலட்சம் டொலர் கட்ட இணங்கியது. அங்கே எந்தப் பூட்டும் உடைபடவில்லை. நிறுவனம் அந்த ஊழியருக்குத் திறந்துதான் விட்டிருந்தது.

இரண்டாவது குறை இதைவிட மோசம். “எமது மக்களிடம் விழிப்புணர்வு இல்லை” என்று கட்டுரையை முடித்திருக்கிறீர். இருபது வருடமாக எங்கள் பத்திரிகைகளில் எதைப் பற்றி எழுதினாலும் இந்த வசனத்தில்தான் முடிக்கிறார்கள். டெங்குவுக்கும் இதுதான், வீதி விபத்துக்கும் இதுதான். யாரிடமும் கணக்குக் கேட்காமல் கட்டுரையை முடிக்க இதைவிடச் சுகமான வழி இல்லை.

கணக்குக் கேட்ட நாடுகள் இருக்கின்றன. 2020 ஜனவரி முதல் கலிபோர்னியாவில், எல்லாக் கருவிக்கும் ஒரே கடவுச்சொல் வைத்து விற்க முடியாது. பிரித்தானியாவில் 2024 ஏப்ரல் 29 முதல் அதே தடை வந்ததோடு, பாதுகாப்புப் புதுப்பிப்புகள் எவ்வளவு காலத்துக்குக் கிடைக்கும் என்பதையும் உற்பத்தியாளர் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். சிங்கப்பூர் 2020இல் கருவிகளுக்குப் பாதுகாப்புத் தர அடையாளம் ஒட்டத் தொடங்கியது. அதே ஆண்டில்தான் அங்கே வீட்டுக் கமராக்களின் காட்சிகள் ஆபாசத் தளங்களில் வந்தன. இந்தியாவிலும் 2025 பெப்ரவரியில் ராஜ்கோட் மகப்பேறு மருத்துவமனை ஒன்றின் கமராப் பதிவுகள் யூடியூபிலும் டெலிகிராமிலும் வெளிவந்து, ஆட்கள் கைதானார்கள். பரிசோதனைக்கு வந்து படுத்திருந்த அந்தப் பெண்களிடம் எந்த விழிப்புணர்வை எதிர்பார்க்கிறீர்? கடவுச்சொல்லை மாற்றும் இடத்திலா அவர்கள் இருந்தார்கள்?

இலங்கையின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நீர் ஒரு வரியில் தொட்டுவிட்டுப் போகிறீர். முழுக்க வாசியும். தனியாள் ஒருவர் முற்றிலும் தன் வீட்டுத் தேவைக்காகக் கையாளும் தரவுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. அப்படியானால் யாழ்ப்பாணத்தில் இராமநாதன் வீதியிலும் பரமேஸ்வராச் சந்திப் பக்கமும் பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கு அறை வாடகைக்கு விடும் வீட்டில், விறாந்தையைப் பார்க்கும் கமரா வீட்டுத் தேவையா, வியாபாரமா? வாடகை கொடுக்கும் பிள்ளை தன் பதிவை அழிக்கச் சொல்லிக் கேட்கலாமா? திருநெல்வேலியில் இருந்து எழுதும் ஒருவர் கேட்க வேண்டிய கேள்வி இது.

ரீவிப் பெட்டிகளை நீர் முற்றாக விட்டுவிட்டீர். ரொறன்ரோவிலும் பாரிஸிலும் தமிழ்ச் சனல் பார்க்கவென்று மலிவுப் பெட்டி வாங்கி வைத்திருக்கும் வீடுகள் எத்தனை! 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐ, பாட்பொக்ஸ் 2.0 என்ற தீய வலையமைப்பைப் பற்றி எச்சரித்தது. பெயர் தெரியாத அன்ட்ரொய்ட் பெட்டிகளுக்குள், வாங்க முன்னமே தீய நிரல் ஏற்றப்பட்டிருந்தது. அடுத்த மாதம் கூகுள் தொடுத்த வழக்கில், அகப்பட்ட கருவிகள் ஒரு கோடிக்கு மேல் என்று சொல்லப்பட்டது. அந்தப் பெட்டி உள்ள வீட்டின் இணைய இணைப்பை முன்பின் தெரியாதவர்கள் தங்கள் மோசடிக்கு முகமூடியாகப் பாவிக்கலாம். தடயத்தைத் தேடிப்போனால் அது அந்த வீட்டு விலாசத்தில் போய் நிற்கும்.

விழிப்புணர்வு இல்லை என்றீரே. 1990இல் போரினால் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்ற பிறகு வந்த வருடங்களை நீர் கண்டிருக்கமாட்டீர். பற்றரிக்குத் தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் இருந்து வயர் இழுத்து ரேடியோவைப் பாட வைத்தார்கள். ஒருவர் சுற்ற, வீடு முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு பிபிசி தமிழோசை கேட்டது. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெயும் பஞ்சும் திரியும் வைத்துப் பிள்ளைகள் சோதனைக்குப் படித்தார்கள். எந்த வயர் எங்கே போகிறது என்பது பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரிந்திருந்தது. பழுதானால் கழற்றிப் பார்ப்பார்கள். பிறகு வந்த காலத்தில் சோதனைச்சாவடிகளில் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நின்ற சனமும் இதேதான். யார் பார்க்கிறார்கள், எங்கே எழுதுகிறார்கள் என்று நினைத்து நினைத்து நடந்தவர்கள். அப்படிப்பட்ட ஊருக்கு விழிப்பைப் பற்றிப் பாடம் எடுக்கவேண்டாம். பெட்டியைத் திறந்து காட்டினால் போதும்.

இவ்வளவும் சொன்னதற்குக் காரணம், உமது கட்டுரையின் நடுவில் இருக்கும் அந்த ஒரு பந்தி. கள்வருக்குப் பயந்து லண்டனில் இருக்கும் மகன் தாயின் வீட்டில் கமரா பூட்டிவிடுகிறான். தாய் கிணற்றடிக்குக் குளிக்கப் போகமுன் கதிரையில் ஏறி, கமராவின் மேல் துவாயைப் போடுகிறா. குளித்து முடிந்து அதை எடுக்க மறந்தால் லண்டனில் இருந்து போன் வருகிறது: “அம்மா, ஏன் படம் இருட்டாக் கிடக்கு?” எண்ணிப் பார்த்தால் ஏழு வரி. எழுபது வயதில் கதிரையில் ஏறும் ஆபத்தும், மகனின் கவலையும், தாயின் வெட்கமும், அந்தப் படம் எந்த நாட்டுச் சேவையகத்தைச் சுற்றி லண்டனுக்குப் போகிறது என்ற கேள்வியும் அதற்குள்ளே இருக்கின்றன. இந்த விடயத்தைப் பற்றித் தமிழில் இதைவிட நல்ல பந்தியை இதை எழுதுபவர் வாசித்ததில்லை. இதை எழுதத் தெரிந்தவர், முகமூடி மனிதனிடம் ஏன் போனீர்?

கட்டுரையைத் திரும்ப எழுதும். பலாலி வீதியில் கமரா பூட்டிக் கொடுக்கும் பையன் ஒருவரோடு ஒரு நாள் கூடப் போம். அவர் கணக்கைத் திறப்பது யாருடைய மின்னஞ்சலில்? பெட்டியோடு வந்த கடவுச்சொல்லை மாற்றுகிறாரா? பூட்டி முடிந்த பிறகும் அவருடைய போனில் அந்த வீடு தெரிகிறதா? மென்பொருளைப் புதுப்பிப்பது யார்? கமராவுக்கு முன்னால் சீவிக்கிறவரிடம், எந்தப் பக்கம் திருப்பவேண்டும் என்று யாராவது கேட்டார்களா? விற்ற கடைக்காரரிடமும் இறக்குமதி செய்தவரிடமும் இதே கேள்விகளைக் கேளும். பதில் சொல்ல மறுத்தால், மறுத்தார்கள் என்றே எழுதும். அச்சுக்குப் போகமுன் ஒரு பிரதியை இங்கே அனுப்பிவையும்.