பில்லரில் கேஸ் வைக்காதீர்கள்



நம் பிள்ளைகள் பலர் டிங்கரிங், வெல்டிங் வேலையில் இருக்கிறார்கள். கார் ஓட்டிப் பிழைக்கும் குடும்பங்களும் தல்லாகுளத்தில் உண்டு. இரு தரப்பாருக்கும் ஆன பாடம் இது.

அம்பாசிடர் காலத்தில் நசுங்கிய தகட்டை கேஸில் காய்ச்சித் தட்டி நிமிர்த்துவோம். அது மைல்ட் ஸ்டீல், தாங்கிக்கொண்டது. மோதல் சோதனை விதிகள் நம் நாட்டில் புதிய மாடல்களுக்கு 2017 அக்டோபரிலும், எல்லாக் கார்களுக்கும் 2019 அக்டோபரிலும் கட்டாயமாயின. இன்றைய கார்கள் பலவற்றில் இரு கதவுகளுக்கு நடுவிலுள்ள பில்லர் உயர் வலிமை எஃகு. அதில் மிக வலுவான வகையைச் சுமார் 900 டிகிரிக்குக் காய்ச்சி, அச்சுக்குள்ளேயே சட்டென்று குளிரவைத்துச் செய்கிறார்கள். சாதாரணத் தகட்டைவிட நான்கைந்து மடங்கு இழுவிசை தாங்கும். மறுபடி கேஸில் சிவக்கக் காய்ச்சினால் அந்த வலு போய்விடும். மேலே பட்டி பார்த்து பெயின்ட் அடித்தால் யாருக்கும் தெரியாது.

மேலே காய்ந்த தானியத்தை வைத்து அடியில் ஈரத்தை மறைத்த வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்தது நாம் அறிந்ததே. பட்டிக்குள் மறைந்த வெல்டிங்கும் அந்த ஈரம்தான்.

இவ்வகைப் பில்லர் நசுங்கினால் நிமிர்த்தக் கூடாது, மாற்ற வேண்டும். கம்பெனி கையேடு காட்டும் இடத்தில் மட்டுமே வெட்டலாம். ஸ்பாட் வெல்டிங் இருந்த இடத்தில் ஸ்பாட் வெல்டிங்கே. மெஷின் எட்டாத இடத்தில், கையேடு அனுமதித்தால், புதுத் தகட்டில் ஓட்டை போட்டு சிஓடூ வெல்டிங்கால் நிரப்பலாம். முதலில் அதே கனமுள்ள துண்டுத் தகடுகளில் வெல்டு வைத்து, உளியால் பிரித்துப் பாருங்கள். ஒரு தகட்டைக் கிழித்துக்கொண்டு வந்தால் நல்ல வெல்டு. சுத்தமாகக் கழன்றால் பிடிக்கவில்லை. துத்தநாகப் பூச்சுப் புகை காய்ச்சலைத் தரும். முகமூடியும் காற்றோட்டமும் வேண்டும். தொடங்கும் முன் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடுங்கள்.

அமெரிக்காவின் டெக்சாஸில் ஒரு பட்டறை, ஹோண்டா ஃபிட் காரின் கூரையை வெல்டு வைக்காமல் பசையால் ஒட்டிக் கொடுத்தது. இங்கே ஜாஸ் என்று விற்ற அதே கார்தான். விவரம் தெரியாமல் அதைப் பழைய காராக வாங்கிய தம்பதியர் 2013 விபத்தில் படுகாயமடைந்தனர். 2017இல் ஜூரி அந்தப் பட்டறையின் பங்காக விதித்தது 3 கோடியே 15 லட்சம் டாலர்.

கார் வைத்திருப்போர் பில் தொகையோடு, 'பில்லரை மாற்றினீர்களா, காய்ச்சி நிமிர்த்தினீர்களா?' என்றும் கேளுங்கள். பட்டி போடும் முன் வெல்டிங்கைப் போட்டோ எடுத்துத் தரச் சொல்லுங்கள்.