இறுகிப்போன ஹாண்டில்பார் தண்டைக் கழற்றும் முறை

ஸ்ரீமுஷ்ணம் போன்ற ஊர்களில் பழைய சைக்கிளைச் செப்பனிட முற்படுவோருக்கு நேரும் பெரிய இடையூறு, ஹாண்டில்பார் தண்டு துருவேறி அசையாமற் போவதாகும். நாட்டிங்ஹாம் நகரத்து ராலி, பர்மிங்ஹாம் நகரத்து ஹெர்குலிஸ் ஆகிய பழைய வண்டிகளும், 1949-இல் சென்னையில் நிறுவப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனியாரின் பழைய வண்டிகளும் இவ்விஷயத்தில் பெரும்பாலும் ஒரே அமைப்புடையவை. ஆத்திரப்பட்டு முறுக்கினால் முன் போர்க் கோணும். கோணிய போர்க் பாரம் ஏற்றியபோது முறிந்து உயிருக்கே ஆபத்து விளைவிக்கும்.

இறுகுவதன் காரணம்

முக்காலே அரைக்கால் அங்குலக் கனமுள்ள தண்டு போர்க்கின் குழாய்க்குள் இறங்கி நிற்கிறது. தண்டினுள் நீண்ட போல்ட் ஒன்று உண்டு. அதை முடுக்கும்போது நுனியிலுள்ள கூம்பு மேலேறி, தண்டின் பிளந்த அடியை விரித்துக் குழாயைக் கவ்வச் செய்கிறது. போல்ட்டைத் தளர்த்தினாலும் கூம்பு தானே இறங்குவதில்லை. இதை அறியாமையே பல வண்டிகள் கெடுவதற்குக் காரணம். ஐப்பசி, கார்த்திகை மழைநீர் உட்புகுந்தால் துருவும் சேர்ந்து பிடித்துக்கொள்ளும்.

செய்முறை

1. முன் பிரேக் கம்பியின் இணைப்பை முதலில் விடுவிக்க வேண்டும்.

2. போல்ட்டை மூன்று நான்கு சுற்று மட்டும் தளர்த்த வேண்டும், முழுதும் கழற்றலாகாது.

3. போல்ட்டின் தலைமீது மரத்துண்டை வைத்துச் சுத்தியால் தட்ட வேண்டும். தலை கீழே இறங்கினால் கூம்பு விடுபட்டதென்று அறியலாம்.

4. முன் சக்கரத்தை முழங்கால்களுக்கிடையே பற்றிக்கொண்டு, ஹாண்டில்பாரை இருபுறமும் சிறிது சிறிதாக அசைத்து மேலே இழுக்க வேண்டும்.

5. அசையாவிடில், துரு இளக்கும் எண்ணெயைத் தண்டு நுழையும் இடத்தில் விட்டு ஓர் இரவு ஊறவிட வேண்டும். பின் வண்டியைக் கவிழ்த்து, சக்கரத்தைக் கழற்றி, போர்க்கின் அடித்துளை வழியாகவும் எண்ணெய் விட்டு, மீண்டும் தட்டி அசைக்க வேண்டும். சில நாட்கள் பொறுமையுடன் இவ்வாறு செய்தல் நலம்.

எச்சரிக்கை

எண்ணெய் ஊறிய இடத்தில் நெருப்புக் காட்டலாகாது. சக்கர வளையத்தில் எண்ணெய் சிந்தினால் பிரேக் வழுக்குமாதலால் உடனே துடைக்க வேண்டும். எதற்கும் அசையாவிடில் தண்டை அறுத்தெடுத்துப் போர்க்கைக் காப்பதே சிக்கனம்.

மீண்டும் இறுகாதிருக்க

துருவைச் சுரண்டித் துடைத்து, தண்டின்மேல் கிரீஸ் பூசி, குறைந்தது இரண்டரை அங்குலம் குழாய்க்குள் இருக்குமாறு பொருத்த வேண்டும். ஆண்டுதோறும் மழைக்காலத்துக்கு முன் தண்டைக் கழற்றிக் கிரீஸ் மாற்றுவது உத்தமம். சங்க அங்கத்தினர்கள் ஸ்பானர், எண்ணெய், கிரீஸ் ஆகியவற்றைப் பொதுவில் வாங்கி வைத்துக்கொண்டால் ஒருவர் செலவு பலருக்கும் பயன்படும்.