வவுச்சர் காலாவதியானால் உங்கள் பணமும் காலாவதியா?

விமானம் ரத்தானபின் மெயிலில் ஒரு வவுச்சர் வந்து சேர்கிறது. ஒரு கோட் எண், ஒரு தொகை, கீழே பொடி எழுத்தில் ஒரு தேதி. அந்தத் தேதி நெருங்கும்போதுதான் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே நினைவுக்கு வருகிறது. வவுச்சர் வீணாகிறதே என்பதற்காகவே, போக வேண்டிய வேலை எதுவும் இல்லாமல், கைக்காசும் போட்டு அந்தமானுக்குக் கிளம்புகிறவர்கள் உண்டு. டிக்கெட் போடுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். அந்தத் தொகை நீங்கள் டிக்கெட்டுக்குக் கட்டிய பணமா, அல்லது கம்பெனி சமாதானத்துக்குக் கொடுத்த அன்பளிப்பா? இரண்டையும் நாம் வவுச்சர் என்றுதான் சொல்கிறோம். ஆனால் உங்களுக்கு உள்ள உரிமை இரண்டிலும் ஒன்றல்ல. இந்த விஷயத்தில் உலவும் நம்பிக்கைகள் பலவும் இந்தக் குழப்பத்தில் பிறந்தவை.

"விமானம் ரத்தானால் வவுச்சர்தான் தருவார்கள், அதுதான் ரூல்."

ரூல் நேர்மாறாக இருக்கிறது. சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம், அதாவது டி.ஜி.சி.ஏ., டிக்கெட் ரிஃபண்டுக்கென்றே தனி விதி வைத்திருக்கிறது. திரும்பத் தர வேண்டிய பணத்தைக் கம்பெனியிலேயே வரவாக வைத்துக்கொள்வதற்குக் 'கிரெடிட் ஷெல்' என்று பெயர். அப்படி வைப்பதா வேண்டாமா என்பது பயணியின் விருப்பம், கம்பெனி அதைத் தன் வழக்கமாக்கிக்கொள்ளக் கூடாது என்று அந்த விதி சொல்கிறது. கிரெடிட் கார்டில் கட்டிய பணம் 7 நாளுக்குள் கார்டுக்கே திரும்ப வேண்டும்.

நடைமுறையில் என்ன நடக்கிறது? ரத்துச் செய்தியோடு ஒரு லிங்க் வரும். திறந்தால், 'வேறு தேதிக்கு மாற்று', 'கிரெடிட்டாக வைத்துக்கொள்' என்ற பட்டன்கள் பளிச்சென்று மேலே நிற்கும். ரிஃபண்டைத் தேட வேண்டும். கீழே உருட்டினால் மங்கலான எழுத்தில் இருக்கலாம், அல்லது இன்னொரு பக்கத்துக்குள் ஒளிந்திருக்கலாம். பெட்டியும் குழந்தையுமாக ஏர்போர்ட்டில் நிற்கிறவர் மேலே இருப்பதை அழுத்திவிடுகிறார். பிறகு கேட்டால், "நீங்களே தேர்ந்தெடுத்ததுதானே சார்" என்று பதில் வரும். சில்லறைக்குப் பதில் மிட்டாய் நீட்டும் கடைக்காரர் வித்தைதான் இது. வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டால் கணக்கு முடிந்தது. ரிஃபண்ட் என்ற சொல் கண்ணில் படும்வரை எதையும் அழுத்தாதீர்கள்.

"புயல், மழையால் ரத்தானால் ஒன்றும் கேட்க முடியாது."

இங்கே நஷ்டஈடும் ரிஃபண்டும் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது ஓடுபாதையில் வெள்ளம் நின்று சென்னை விமான நிலையமே மூடப்பட்டது. அந்த மாதிரி அசாதாரணச் சூழ்நிலையில் கம்பெனி நஷ்டஈடு தர வேண்டியதில்லை. ஆனால் பறக்காத விமானத்துக்கு வாங்கிய கட்டணம் வேறு விஷயம். மாற்று விமானம் அல்லது கட்டணம், இரண்டில் ஒன்றைத் தந்தாக வேண்டும். புயலுக்கு யாரும் பொறுப்பில்லை என்பது சரி, அதற்காக டிக்கெட் காசு கம்பெனிக்குச் சொந்தமாகிவிடாது.

நஷ்டஈடு என்பது உரிய நேரத்தில் சொல்லாமல், தன் தரப்புக் காரணத்தால் ரத்து செய்ததற்கான தொகை. பயண நேரத்தைப் பொறுத்து 5,000, 7,500, 10,000 ரூபாய் என்று உச்சவரம்பு உண்டு. அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்து அதைவிடக் குறைவாக இருந்தால் அந்தக் குறைந்த தொகைதான் கிடைக்கும்.

"கடைசித் தேதி தாண்டிவிட்டால் பணம் போச்சு."

அதிகம் பேரை ஏமாற வைத்திருப்பது இதுதான். கொரோனா காலத்தைப் பார்ப்போம். 2020 மார்ச் 25-ல் ஊரடங்கு தொடங்கி, உள்நாட்டு விமானங்கள் மீண்டும் பறக்க மே 25 ஆனது. அந்த இரண்டு மாதத்துக்கான டிக்கெட் பணத்தைக் கம்பெனிகள் கிரெடிட் ஷெல்லில் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தன. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. அக்டோபர் 1-ல் தீர்ப்பு வந்தது. ஊரடங்குக்குள்ளேயே புக் செய்து, ஊரடங்குக்குள்ளேயே பயணம் செய்ய இருந்தவர்களுக்கு முழுப் பணமும் திரும்ப வேண்டும். அதற்கு முன்பே புக் செய்திருந்தவர்களுக்கு 15 நாளில் தர வேண்டும். கையில் பணமில்லை என்று தவிக்கும் கம்பெனி மட்டும் 2021 மார்ச் 31 வரை கிரெடிட் ஷெல்லாக வைத்திருக்கலாம்.

அந்தக் கிரெடிட் ஷெல்லுக்கும் நிபந்தனைகள் இருந்தன. எந்த வழித்தடத்துக்கும் பயன்படுத்தலாம், வேறொருவருக்கும் மாற்றித் தரலாம். சும்மா கிடக்கும் தொகைக்கு 2020 ஜூன் 30 வரை மாதம் 0.5 சதவீதமும் அதன்பின் 0.75 சதவீதமும் கூடிக்கொண்டே போக வேண்டும். மார்ச் 31-க்குள் பயன்படுத்தாவிட்டால்? மிச்சத்தைப் பணமாகத் திருப்பித் தர வேண்டும். பயணிகள் பலர் அந்தத் தேதியைத் தங்கள் தலைக்கு மேல் தொங்கும் கத்தி என்று நினைத்தார்கள். உண்மையில் அது கம்பெனி பணத்தை எண்ணி வைக்க வேண்டிய கெடு.

அப்போதும் பணம் வராதவர்கள் இருந்தார்கள். யாத்ரா என்ற ஆன்லைன் நிறுவனத்திடம் மட்டும் 2021-ல் 26 கோடி ரூபாய்க்கு மேல் நிலுவை இருந்தது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பிடித்து உலுக்கியதில் 2024 ஜூனில் அது இரண்டரை கோடியாகக் குறைந்தது. மீதியையும் கொடு, பாக்கியுள்ள பயணிகளை நீயே அழைத்துச் சொல் என்று அந்த மாதம் உத்தரவும் போட்டது ஆணையம். தேதி முடிந்து மூன்று வருடம் கழித்து! ஆஸ்திரேலியாவில் குவாண்டாஸ் நிறுவனமும் கொரோனா கிரெடிட்டுக்கு வைத்திருந்த கடைசித் தேதியை, எதிர்ப்பு வலுத்தபின் 2023 ஆகஸ்டில் கைவிட்டது.

அதற்காக ஆற அமர உட்கார்ந்திருக்கலாம் என்று அர்த்தமில்லை. நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட இரண்டு ஆண்டுதான் காலவரம்பு. தேதி வருவதற்கு முன்பே, "இது என் டிக்கெட் பணம், வவுச்சர் எனக்கு வேண்டாம், ரிஃபண்ட் கொடுங்கள்" என்று ஒரு மெயில் தட்டிவிடுங்கள். கால் சென்டரில் ஒரு மணி நேரம் பாட்டுக் கேட்டதற்குச் சாட்சி இல்லை, மெயிலுக்கு இருக்கிறது.

"ஏஜென்ட் மூலம் புக் செய்தால் ஏர்லைன்ஸைக் கேட்க முடியாது."

திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போகிறவர்களில் ஏஜென்டை நம்பி டிக்கெட் எடுப்பவர்கள் ஏராளம். "அண்ணே, ஏர்லைன்ஸ்ல இருந்து இன்னும் வரலண்ணே, வந்ததும் ஜி-பே போட்டுடுறேன்" என்ற பதிலோடு மாதங்கள் ஓடும். ஏஜென்ட் என்பவர் விமான நிறுவனம் நியமித்த பிரதிநிதி, எனவே ரிஃபண்டுக்குப் பொறுப்பு நிறுவனத்துடையது என்கிறது டி.ஜி.சி.ஏ. விதி.

இதில் யாரும் கவனிக்காத ஒன்று உண்டு. ஏஜென்ட்கள் பலர் புக்கிங்கில் தங்கள் செல் நம்பரையும் மெயிலையும்தான் கொடுக்கிறார்கள். ரத்துச் செய்தி, கிரெடிட் ஷெல், கடைசித் தேதி எல்லாம் அவர் இன்பாக்ஸுக்குப் போகும். உங்களுக்குத் தெரியவே தெரியாது. தொடர்பு விவரம் சரியாகத் தராத பயணிக்கு நஷ்டஈடு கிடையாது என்றும் விதி இருக்கிறது. டிக்கெட் கைக்கு வந்ததும் பி.என்.ஆர். போட்டு, அதில் யார் நம்பர் இருக்கிறது என்று பாருங்கள்.

"அன்பளிப்பு வவுச்சரை வாங்கினால் நஷ்டஈடு கிடைக்காது."

2025 டிசம்பர் முதல் வாரத்தில் இண்டிகோவின் விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தானது நினைவிருக்கும். விமானிகளின் ஓய்வு நேரத்துக்கான புது விதிக்கு நிறுவனம் தயாராக இல்லாததுதான் காரணம். டிசம்பர் 3, 4, 5 தேதிகளில் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு 10,000 ரூபாய் வவுச்சர், 12 மாதம் செல்லும் என்று அறிவித்தார்கள். விதிப்படியான நஷ்டஈட்டுக்கு மேல் கூடுதலாகத்தான் அதைத் தருவதாகவும் சொன்னார்கள். டிக்கெட் ரிஃபண்ட் இதிலெல்லாம் சேராது, அது தனிக் கணக்கு.

இந்த வகை வவுச்சரில் கடைசித் தேதி உண்மையாகவே கடைசித் தேதி. கம்பெனி மனமுவந்து கொடுத்தது என்பதால் நிபந்தனையும் அவர்கள் வைப்பதுதான். இதில் தேதியைக் கோட்டை விட்டால் பிறகு வாதாட அதிக இடமில்லை.

"கடைசி நாளன்று டிக்கெட் போட்டால் போதும்."

சில வவுச்சர்களில் அந்தத் தேதிக்குள் புக் செய்தால் போதும். சிலவற்றில் பயணமே முடிந்திருக்க வேண்டும். சிலவற்றை ஒரே முறைதான் பயன்படுத்த முடியும்; 10,000 ரூபாய் வவுச்சரில் 6,200 ரூபாய் டிக்கெட் எடுத்தால் மிச்சம் போய்விடும். எதற்கும் ஒரு டிக்கெட் போட்டு வைத்து, பிறகு கேன்சல் செய்து புதுத் தேதி வாங்கலாம் என்ற தந்திரமும் பெரும்பாலும் பலிக்காது, பழைய தேதியோடுதான் திரும்பி வரும்.

"வவுச்சரும் பணமும் ஒன்றுதான், மெதுவாகப் பயன்படுத்தலாம்."

ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17-ல் பறப்பதை நிறுத்தியது. கோ ஃபர்ஸ்ட் 2023 மே 3-ல் நிறுத்தியது. வவுச்சருக்கு முன்பே கம்பெனி காலாவதி. திவால் நடவடிக்கையில் அடமானம் வைத்துக் கடன் கொடுத்த வங்கிகள் முன்வரிசையில் நிற்க, பயணி வால் பக்கம் நிற்க வேண்டியதுதான். பணமாக வாங்க முடிந்தால் பணமாகவே வாங்குங்கள். அரை சதவீதம் போனஸ் கிரெடிட் என்று ஆசை காட்டினாலும் சரி.

வெளிநாட்டு நிறுவனங்களுக்கு அவர்கள் நாட்டுச் சட்டம் பொருந்தும். ஐரோப்பாவில் பயணி கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொண்டால்தான் வவுச்சர். அமெரிக்காவில், விமானம் ரத்தாகி மாற்று ஏற்பாட்டைப் பயணி ஏற்காவிட்டால், பணம் கேட்காமலே தானாகத் திரும்ப வேண்டும் என்று 2024-ல் விதி வந்தது. அங்கே பறக்கும் நம் நிறுவனமும் அந்தச் சட்டத்துக்குத் தப்பாது: ரிஃபண்டை இழுத்தடித்த ஏர் இந்தியா, 2022 நவம்பரில் அமெரிக்கப் போக்குவரத்துத் துறையிடம் 12 கோடியே 15 லட்சம் டாலர் ரிஃபண்டும் 14 லட்சம் டாலர் அபராதமும் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

நம் ஊரில் வழி இது: முதலில் நிறுவனத்துக்கு மெயில், பிறகு விமானப் பயணிகளின் புகாருக்கான ஏர்சேவா தளம், அதன்பின் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால் இ-ஜாக்ரிதி தளம் வழியாக மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், வக்கீல் கட்டாயமில்லை, டிக்கெட்டின் விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமும் இல்லை.